மூன்றாம் பருவ நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

மூன்றாம் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. திருக்குறள் ஒப்பித்தல், கோலாட்டம், கையெழுத்துப் போட்டி என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். டர்பன் நகரின் சேட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்து சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்கு அழைத்து வரும் உங்களுக்கு நன்றி.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கீழ் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குப் பொன்னுக்கு வீங்கி, அதாவது மம்ப்ஸ், வந்திருக்கிறது.

தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, சோர்வு, பசியின்மை என்று சாதாரண ஃப்ளூ போலத்தான் இருக்கும். அப்புறம் காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கும், ஒரு பக்கமோ இரு பக்கமுமோ. காது மடல் மேலே தூக்கினாற்போல் தெரியும். மெல்லும்போது வலிக்கும், ஊறுகாயோ ஆரஞ்சோ வாயில் பட்டால் சுருக்கென்று இழுக்கும். பல்வலி என்று பிள்ளை சொன்னாலும் காதடியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

வீக்கம் தெரிவதற்கு 2 நாள் முன்பே இது பரவத் தொடங்கிவிடும். வீக்கம் வந்து 5 நாள் வரை பரவும். தொற்றியது வெளியே தெரியப் பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும் என்பதால் விடுமுறையிலும் கவனமாக இருங்கள்.

வகுப்பு போய்விடக் கூடாது என்று, வீங்கிய கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிப் பிள்ளையை அனுப்புகிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதை அனுமதிக்க முடியாது. அந்த 5 நாளும் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். மீறி அனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவோம்.

ஆயா சொன்னபடி பொன் சங்கிலி போடுங்கள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுங்கள், நான் தடுக்கவில்லை. டாக்டரிடமும் காட்டுங்கள். இது வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் கேட்காது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, வயிற்றுவலி, காது மந்தம், வளர்ந்த பையன்களுக்கு விதைப்பை வீக்கம், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசு கிளினிக்கில் வழக்கமாகப் போடும் தடுப்பூசிகளில் இந்த நோய்க்கானது கிடையாது. பிள்ளைக்குப் போட்ட ஊசிகளைக் குறித்து வைக்கும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தைப் பாருங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி போட்டதாக அதில் இல்லையென்றால் தனியார் டாக்டரிடம் கேளுங்கள்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியே போன் செய்து சொன்ன பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. தவறிய பாடங்களை ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்; எந்தப் பிள்ளையும் பின்தங்காது.

அன்புடன்,
தலைமையாசிரியர்