அரைப் பென்னிச் சரக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்.

இங்கே இங்கிலாந்தில், லங்காஷயரில் நாங்கள் சௌக்கியம். பக்கத்து வீட்டுப் பாட்டியோடுதான் இப்போது எனக்குப் பேச்சு ஜாஸ்தி. எங்கள் பேரன் கதவைச் சாத்தாமல் ஓடினால், ‘டாஃப்ட் ஏப்பத்!’ என்று கத்துவார். செல்லத் திட்டுதான். டாஃப்ட் என்றால் அசடு; ஏப்பத் என்றால் அரைப் பென்னிக்குக் கிடைக்கிற சரக்கு. அந்தக் காசு 1969-லேயே செல்லாமல் போய்விட்டது. ஆனால் பத்து வயதுப் பேரன் தன் தம்பியை அதே வார்த்தையால் திட்டுகிறான்!

1971 பிப்ரவரி வரைக்கும் இங்கே ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. பென்னியில் கால் பாகம் ஃபார்திங். பாட்டியின் தையல் டப்பாவில் ஒன்று கிடக்கிறது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் வாலைத் தூக்கிய ரென் குருவி. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியவில்லை.

ஜவுளிக்கடைகளில் ஒரு பவுண்டு என்று விலை போட மாட்டார்களாம்; 19 ஷில்லிங் பதினொன்றே முக்கால் பென்னி என்றுதான் போடுவார்களாம். முழு பவுண்டை நீட்டினால் ஒரு ஃபார்திங் மீதி தர வேண்டும் இல்லையா? அதற்குப் பதில், காகிதத்தில் வரிசையாகக் குத்தி வைத்த குண்டூசிகளைக் கொடுத்து அனுப்பிவிடுவது பல கடைகளில் வழக்கமாம். எனக்குக் கேட்கவே ஆத்திரமாக இருந்தது. அந்த ஒரு ஃபார்திங் இருந்தால் குழந்தைக்கு ஒரு பிளாக் ஜாக் மிட்டாய் கிடைத்திருக்குமே! யுத்தக் காலத்து மிட்டாய் ரேஷனே 1953-இல்தான் முடிந்தது. அதற்கப்புறம் கையில் ஃபார்திங்கோடு கடைக்கு ஓடியதைச் சொல்லும்போது பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இன்னொரு பழமொழியும் சொன்னார். அரைப் பென்னித் தாருக்குக் கணக்குப் பார்த்துக் கப்பலைக் கெடுக்காதே என்பது. ஆதியில் அது கப்பல் இல்லை, செம்மறி ஆடு. ஈ மொய்க்காமல் இருக்க ஆட்டுப் புண்ணில் தார் தடவுவார்களாம்.

மல்லிகா, எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? அரைப் பென்னிக்கு வேண்டும் என்று கேட்பதில் அன்று யாருக்கும் கூச்சமில்லை. கடைக்காரரும் அளந்து கொடுத்தார். இன்று தனியாக இருக்கும் பாட்டி, இரண்டு துண்டு பன்றிக்கறிக்காக ஒரு முழு பாக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. பாதி எங்கள் ஃப்ரிட்ஜுக்கு வந்துவிடுகிறது.

சரி, டிசம்பரில் வருகிறோம். டிக்கெட் போட்டதும் தேதி எழுதுகிறேன்.

அன்புடன்,
கௌரி