புகார்: பெட்டியில் அச்சிட்டது ஒரு சிப், உள்ளே இருப்பது வேறொரு சிப்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: டி.ஏ.சி. (டிஜிட்டல் இசையை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும்) கருவியில் அறிவிப்பின்றிச் சிப் மாற்றப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் டி.ஏ.சி. கருவியைக் கோயம்புத்தூரில் தங்கள் முகவரின் கடையில் ஒலிக்கவிட்டுக் கேட்ட பிறகே வாங்கினேன். அதில் ஆசாஹி காசெய் நிறுவனத்தின் ஏகே4493 சிப் உள்ளதாகப் பெட்டியிலும் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் கையேட்டில் விவரிக்கப்பட்ட 'சூப்பர் ஸ்லோ' ஃபில்டர் (உயர் அதிர்வெண்களை மெல்லச் சரியவிடும் வடிகட்டி) மெனுவில் இல்லை. தங்கள் சேவை மையத்தில் கருவியைத் திறந்து பார்த்த தொழில்நுட்பர், உள்ளே இருப்பது இஎஸ்எஸ் நிறுவனத்தின் இஎஸ்9038கியூ2எம் சிப் என்று ஜாப் கார்டில் (பழுதுபார்ப்பு விவர அட்டையில்) எழுதிக் கொடுத்துள்ளார். நகலை இணைத்துள்ளேன்.

ஒலி வேறுபட்டால் அதற்கு மலைப்பகுதியின் ஈரமும் மின்னழுத்த ஏற்ற இறக்கமுமே காரணம் என்று தங்கள் மின்னஞ்சல் கூறுகிறது. குன்னூரில் இருக்கும் என் நண்பர் இதே மாடலை முன்னரே வாங்கியவர். அவருடையதில் ஏகே4493 இருக்கிறது. இரண்டையும் என் வீட்டிலேயே, ஒரே ஸ்டெபிலைசரில், ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை வைத்து மல்ட்டிமீட்டரில் வெளியீட்டைச் சமப்படுத்திய பிறகே ஒப்பிட்டோம். சற்று உரக்க ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாகக் காதுக்குத் தோன்றும் என்பதால் இதைச் செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. அப்படியும் என் கருவியில் வயலினின் மேல்ஸ்தாயி கூசுகிறது. அவருடையதில் அந்தக் கூச்சம் இல்லை. பனிமூட்டம் ஒரு கருவியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாதிக்காது.

"புதிய சிப்பின் அளவீடுகள் இன்னும் சிறந்தவை" என்ற தங்கள் வாதத்தையும் ஏற்க இயலவில்லை. இஎஸ்9038கியூ2எம் நல்ல சிப் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏகே4493 ஒலிக்கான மின்குறிப்பை மின்னழுத்தமாக வெளியிடும் சிப். இஎஸ்9038கியூ2எம் தன் குறைந்தபட்ச ஒலித்திரிபை எட்ட, அதன் வெளியீட்டை மின்னோட்டமாக எடுத்து, ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பைக் கொண்டு மின்னழுத்தமாக மாற்ற வேண்டும். பழைய சிப்புக்காக வடிவமைத்த வெளியீட்டுச் சுற்றையே தாங்கள் அப்படியே வைத்திருப்பதாக ஜாப் கார்டு சொல்கிறது. சிப்பின் தரவுத்தாளில் உள்ள எண்கள் அதற்குரிய சுற்றில் கிடைப்பவை. இந்தச் சுற்றில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. என் அனுபவத்தில், ஒரு டி.ஏ.சி.யின் குணத்தைச் சிப்பின் பெயரைவிட இந்த வெளியீட்டுச் சுற்றும் மின்வழங்கியுமே அதிகம் தீர்மானிக்கின்றன.

ஃபில்டரும் அலங்காரத்துக்கு வைத்ததன்று. என் சேகரிப்பு பெரும்பாலும் கர்நாடக இசைக் குறுந்தகடுகள். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் கொண்ட அவற்றில் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தோன்றும் போலி அலைகளைச் சிப்பின் டிஜிட்டல் ஃபில்டர்தான் பெரும்பாலும் நீக்குகிறது. அதைச் செங்குத்தாக வெட்டினால் மிருதங்க அடி போன்ற திடீர் ஒலிகளின் முன்னும் பின்னும் சிற்றதிர்வு சேரும். மெல்லச் சரியவிட்டால் அது குறையும், பதிலுக்கு உயர் அதிர்வெண் ஒலிகள் சற்று மங்கும், போலி அலைகளிலும் ஒரு பகுதி தங்கும். இதில் எது வேண்டும் என்பதைக் கேட்பவர் முடிவு செய்யலாம் என்று விளம்பரம் செய்தவர்கள் தாங்களே.

2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஆசாஹி காசெய் ஆலை தீப்பற்றியதால் சிப் தட்டுப்பாடு வந்தது என்கிறீர்கள். அது ஊரறிந்த செய்தி. மாற்றுச் சிப்புக்குப் போனது தவறன்று. ஆனால் மாடல் எண்ணையும் பெட்டியையும் கையேட்டையும் மாற்றாமல், முகவரின் கடையில் பழைய சிப் உள்ள கருவியை ஒலிக்கவிட்டு வேறொன்றை விற்றது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 குறிப்பிடும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே கருதுகிறேன்.

ஆகவே அச்சிட்டபடி ஏகே4493 சிப் கொண்ட கருவியைத் தாருங்கள். இயலாவிட்டால் கூரியர் செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இணைப்பு: ரசீது, ஜாப் கார்டு, பெட்டியின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்