டானிங் பெட் மருத்துவம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லண்டன், டொரண்டோ என்று வேலைக்குப் போயிருக்கும் நம் டெல்டா பிள்ளைகளில் சொரியாசிஸ் என்ற செதில் படை நோய் உள்ளவர்களுக்கு, குளிர்காலம் வந்தாலே முழங்கையிலும் தலையிலும் செதில் ஏறிவிடுகிறது. அந்த மாதங்களில் அங்கே வெயிலில், இந்தப் படையைக் குறைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் அநேகமாக இருக்காது. ஊர் வெயிலுக்குப் பதில் என்று நினைத்து டானிங் சலூனில், அதாவது தோலைக் கறுக்கவைக்கும் ஒளிப் படுக்கை உள்ள கடையில், போய்ப் படுக்கிறார்கள். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இருக்கும் பெற்றோரும் ஒத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து தடுங்கள்.

மருத்துவமனையில் தரும் நாரோபேண்ட் யுவிபி 311 முதல் 313 நானோமீட்டர் வரையிலான ஒளி. டானிங் பெட்டில் வருவது பெரும்பாலும் 320-க்கு மேற்பட்ட யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர். யுவிபி சில சதவீதம்தான். அந்தக் கொஞ்சத்தால் சிலருக்குப் படை குறைவதும் உண்மை, நம்பிக்கை பரவுவதும் அதனால்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-லேயே இந்தக் கருவிகளைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் வணிக டானிங் நிலையங்களுக்கே தடை.

அடுத்தது அளவு. வெண்புள்ளிக்கு ஒளிச் சிகிச்சை என்றால் வழக்கமாகச் தோலின் சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் (ஒளி ஆற்றலின் அளவு) தொடங்கி, வாரம் மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள், 10 முதல் 20 சதவீதம் வரை ஏற்றுவார்கள். புள்ளியில் லேசான இளஞ்சிவப்பு வந்து 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் அளவு சரி. மறையாவிட்டால் ஏற்றக் கூடாது. இரண்டு வாரம் விட்டுப்போனால் கால்பங்கு குறைப்பார்கள். மூன்று வாரம் தாண்டினால் முதலிலிருந்துதான். சலூனில் இருப்பதோ நிமிடக் கணக்கு மட்டும். பழைய விளக்கில் தாங்கிய பத்து நிமிடம், புது விளக்கு மாட்டிய மறுநாள் பொசுக்கிவிடும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு இன்னொரு கேடு: சுற்றியுள்ள தோல் கறுத்து, புள்ளி முன்னைவிடப் பளிச்சென்று தெரியும்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது, பருப்புப்பொடியோடு பெட்டியில் வைத்து அனுப்பும் கார்போகரிசித் தைலமும் சூரணமும்தான். அந்த மூலிகையில், தோலை ஒளியால் எளிதில் புண்ணாகவைக்கும் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. சோராலெனும் யுவிஏவும் சேர்ந்தால் அதுவே ஒரு கடுமையான சிகிச்சை. மருத்துவர்களே அளந்து அளந்துதான் கொடுப்பார்கள். அந்தப் புண் அன்றே தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போய்க் கொப்புளம் போடும். நேற்று ஒன்றும் ஆகவில்லையே என்று மறுநாளும் போய்ப் படுத்தவர் தோல் உரிந்து மருத்துவமனையில் சேரும்படி ஆகும். நுண்ணுயிர்க்கொல்லியான டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு மாத்திரைகளும் ஒளியைத் தாங்கவிடாதவை. லூபஸ் என்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் உள்ளவர்கள் டானிங் பெட் பக்கமே போகக் கூடாது.

பிரிட்டனில் இருப்பவர்கள் குடும்ப மருத்துவரிடம் தோல் பிரிவுக்குப் பரிந்துரை கேட்டு, நாரோபேண்ட் யுவிபி என்று பெயர் சொல்லியே விசாரிக்கட்டும். சிங்கப்பூரில் தேசிய தோல் மையத்தில் ஒளிச் சிகிச்சை உண்டு. சாப்பிடும் மருந்து, தடவும் தைலம் எதையும் மறைக்க வேண்டாம். சிகிச்சைக்குப் போகும் காலையில் சாலிசிலிக் அமிலக் களிம்பு பூசினால் அது ஒளியைத் தடுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஆண்கள் பிறப்புறுப்பை மூடியே நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே அளவு உள்ளாடை அணியுங்கள். சின்னதாக மாற்றினால், அதுவரை மூடியிருந்த தோலில் ஏற்றிய அளவு முழுதும் விழுந்து வெந்துவிடும்.

மூன்று வார விடுப்பில் வருபவர்களை இங்கே ஒளிச் சிகிச்சையில் சேர்க்காதீர்கள். சொரியாசிசுக்கே இருபது, முப்பது தடவை தேவைப்படும். வெண்புள்ளிக்கு மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே தொடங்கியிருந்தால், ஒவ்வொரு தேதியிலும் எத்தனை மில்லிஜூல் கொடுத்தார்கள் என்ற அட்டையைக் கேட்டு வாங்கி, திரும்பும்போது கையோடு கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒளிச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்,
தஞ்சாவூர்