பீடிக் கடைத் தராசும் புதிய விதிகளும்: தொழிலாளர் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தை அவை எடுத்துக்கொண்டன. பழைய சட்டத்தில் ஓட்டைகள் உண்டு. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவரும் பணியாளரே என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. பீடி இலை, புகையிலைத் தூள் கொடுப்பதிலோ, குறை சொல்லிப் பீடியைக் கழிப்பதிலோ தகராறு வந்தால் அதைத் தீர்க்க ஓர் அதிகாரியை அரசு நியமிக்கலாம் என்று 39-ஆம் பிரிவு வழிவைத்தது. வீட்டில் சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்புநிதி உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 'வீடுசார் தொழிலாளி' என்பவருக்கு நல்ல வரையறை தருகிறது. முதலாளிக்காக, கூலிக்கு, தன் வீட்டிலோ தான் விரும்பும் இடத்திலோ பொருள் செய்து கொடுப்பவர் என்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு அவரை அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் சேர்க்கிறது. அங்கேதான் சிக்கல். வாங்கிய இலையையும் கொடுத்த பீடியையும் பதியும் கம்பெனி பாஸ்புக்கில் பெயர் உள்ளவர் பணியாளரா, அமைப்புசாராத் தொழிலாளியா என்பதை, இந்தத் தொகுப்புக்கான மாநில விதிகள் ஐயமில்லாமல் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், வைப்புநிதி கட்ட விரும்பாத நிறுவனம் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

விதிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் வருகிறது: "வீடு வீடாகப் போய் ஆய்வு செய்ய முடியுமா?" முடியாது, தேவையும் இல்லை. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் தெருக்களிலும் வேலூர்ப் பக்கத்திலும் சுற்றப்படும் பீடி முழுவதும் ஏதாவது ஒரு பீடிக் கடை வழியாகத்தான் போகிறது. இலையும் தூளும் அங்கிருந்து வெளியே வருகின்றன, பீடி அங்கே திரும்பிப் போகிறது. கூலி குறைவதும் அந்த மேசையில்தான். ஆய்வாளர் அங்கே நின்றால் போதும்.

அங்கே என்ன பார்க்க வேண்டும்? முதலில் இலை. 1000 பீடிக்குத் தூள் ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும். இலை, தரத்தையும் பீடியின் நீளத்தையும் பொறுத்து 500 முதல் 700 கிராம் வரை ஆகும். கணக்குக்காக 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இலையை ஈரமாக எடைபோட்டுக் கொடுத்தால் அந்த 600 கிராமில் 90 கிராம் தண்ணீராக இருக்கலாம். மிச்சமுள்ள 510 கிராமில் 850 பீடிதான் வரும். குறையும் 150 பீடிக்கான இலையைப் பீடி சுற்றும் பெண் தன் காசில் வாங்கிச் சேர்த்து 1000 கணக்கை முடிக்க வேண்டும். இதில் யாரும் தராசில் கைவைக்கவில்லை, எடை சரியாகத்தான் இருக்கிறது. அதனால் எடையை மட்டும் எழுதும் சீட்டு பயன்படாது. உலர்ந்த இலையாகத்தான் எடைபோட வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். ஓட்டை விழுந்த இலை, பூஞ்சை பிடித்த இலை, நரம்பு தடித்த இலை வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்து மாற்று வாங்க ஒரு நாள் அவகாசமும் வேண்டும். இலையின் குறை கட்டைப் பிரித்துத் தண்ணீரில் நனைத்த பிறகுதான் தெரியும். கடை வாசலில் தெரியாது.

அடுத்தது கழிவு, அதாவது சுற்றிக் கொடுத்த பீடியைக் குறை சொல்லி ஒதுக்குவது. கட்டுக்கு 25 என்றால் 1000 பீடிக்கு 40 கட்டு. அவற்றில் சில பீடிகளைக் கடைக்காரர் எடுத்துப் பார்த்து, வாய் சரியாக மடியவில்லை, நூல் தளர்ந்திருக்கிறது, தூள் கொட்டுகிறது என்று கழிக்கிறார். இந்தக் குறைகளில் எது கையால் வந்தது, எது சரக்கால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும். தளர்ந்த நூலும் ஏறி இறங்கும் நீளமும் பெரும்பாலும் கைக்குறை. மடிக்கும்போது வெடிக்கும் வாய் காய்ந்த இலையின் குறை. கொட்டும் தூள், பொடியாகிப்போன பழைய தூளின் குறையாக இருக்கலாம். கழிக்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரே மூட்டை இலை வாங்கிய பத்துப் பேருக்கும் வாய் வெடித்திருந்தால், குறை பத்துப் பேரின் விரலிலா, அந்த மூட்டையிலா என்பது பதிவேட்டைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

கூலி கொடுக்காமல் கழித்த பீடியை அந்தப் பெண்ணின் கண்முன்னே பிய்த்துத் தூளைத் தனியே போட வேண்டும். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பீடியை முழுதாக வைத்துக்கொண்டு கூலியை மட்டும் பிடிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

1000 பீடிக்கான கூலியை எப்படி நிர்ணயிப்பது என்பது எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. நாள் முழுக்கச் சுற்றிக் கைதேர்ந்தவரின் வேகத்தை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லோரும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே விழுவார்கள். சுற்றும் நேரத்தை மட்டும் எண்ணுவதும் தவறு. இலையை நனைப்பது, ஈரம் வடிப்பது, தகட்டை வைத்து வெட்டுவது, நரம்பு கிள்ளுவது, கட்டு கட்டுவது, கடைக்குப் போய் வரிசையில் நிற்பது எல்லாமே வேலை நேரம்தான்.

செய்து கொடுக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பத் தரும் துண்டுக்கூலிக்குப் பிரிட்டனில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தொழிலாளர்களை வைத்துச் சோதனை நடத்தி, ஒரு மணி நேரத்துச் சராசரி உற்பத்தியைக் கண்டுபிடிக்கிறார்கள். அதை 1.2 ஆல் வகுக்கிறார்கள். பிறகு குறைந்தபட்ச மணிக்கூலியை, அப்படிக் கிடைத்த எண்ணால் வகுத்தால் ஒரு துண்டுக்கான கூலி வந்துவிடும். சராசரியை விடச் சற்று மெதுவானவரும் குறைந்தபட்சக் கூலியைத் தொட வேண்டும் என்பதற்காகவே அந்த 1.2. நாள் கூலி 480 ரூபாய், மணிக்கு 60 என்று ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். எல்லா வேலையையும் சேர்த்து மணிக்குச் சராசரி 75 பீடி என்றால், 1.2 ஆல் வகுக்க 62.5 வரும். 60-ஐ அதனால் வகுத்தால் பீடிக்கு 96 காசு, 1000-க்கு 960 ரூபாய். 1.2 இல்லாவிட்டால் 800 ரூபாய்தான். இந்தச் சோதனையை உங்கள் துறையே நடத்த வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை நடத்துங்கள், ஏனென்றால் கோடையில் இலை சீக்கிரம் காய்ந்து வேலை இழுக்கும்.

பாஸ்புக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஒரு பெயரில் பாஸ்புக், அதில் இரண்டு மூன்று பெண்களின் பீடி என்பது ஊரறிந்த நடைமுறை. பெயர் இல்லாதவருக்கு வைப்புநிதி இல்லை, பேறுகால உதவி இல்லை. இதைக் குற்றமாக்கி வழக்குப் போட்டால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்களேதான். மாறாக, ஒரு பாஸ்புக்கில் ஒருவரால் சுற்ற முடியாத எண்ணிக்கை தொடர்ந்து ஏறினால், இன்னொரு பெயரைச் சேர்க்கும் கடமை கம்பெனிக்கு உண்டு என்று விதியில் எழுதுங்கள். இடையில் கமிஷன் ஏஜென்ட் இருந்தாலும் கூலிக்கும் வைப்புநிதிக்கும் பொறுப்பு பீடியில் யாருடைய லேபிள் ஒட்டப்படுகிறதோ அந்த நிறுவனத்துக்கே.

தூள் வீட்டுக்குள் கிடப்பதையும் விதிகள் பார்க்க வேண்டும். படுக்கும் அறையிலேயே திறந்த தட்டில் புகையிலைத் தூள் இருக்கிறது. நெடி மூச்சில் ஏறுகிறது, நிகோட்டின் தோல் வழியாகவும் உடலில் சேரும். மூடியுள்ள டப்பாவை இலையோடும் தூளோடும் சேர்த்துக் கம்பெனியே தரட்டும்.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது தொழிலாளர் நலனுக்காகப் பீடி மீது வசூலித்த நலவரி எடுக்கப்பட்டது. மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் அதுவே ஊற்றாக இருந்தது. அதற்கு ஈடான நிதியை ஒன்றிய அரசிடம் கேட்டுப் பெறுவதும் உங்கள் துறையின் வேலை.

இவற்றுக்கெல்லாம் விதிகள் அறிவிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பீடிக் கடைத் தராசுகளுக்கு முத்திரை வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் உங்கள் துறையிடம் இன்றே இருக்கிறது. ஆய்வாளர் காலையில் போக வேண்டாம். பீடி கொடுத்து இலை வாங்கும் நேரம் எது என்று அந்தத் தெருப் பெண்களிடம் கேட்டுவிட்டு, அந்த நேரத்தில் போகட்டும்.

இப்படிக்கு,
பீடிக் கூலிக் கணக்கும் வைப்புநிதிக் கணக்கும் பார்க்கும் தொழிற்சங்க ஊழியர்கள்