கண்ணுக்குத் தெரியாததைக் கை காட்டியது

அன்பு மகளுக்கு,

"உணர்வே இல்லாத இயந்திரத்துக்குப் புரிதல் எங்கிருந்து வரும்?" என்று நேற்று நான் குரலை உயர்த்தியதும் நீ போனை வைத்துவிட்டாய். உணர்வு இல்லாவிட்டாலும், கேட்டதற்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்குப் புரிதல் இருக்கலாம் என்பது உன் கட்சி. வழக்கில் பாதி உன் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் பிடித்துக்கொண்டிருந்தது தத்துவவாதி ஜான் சர்ல் 1980-இல் சொன்ன சீன அறை என்ற கற்பனைச் சோதனை. சீனம் அறியாத ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து, விதிப்புத்தகத்தைப் புரட்டிச் சீன எழுத்துகளில் பதில் அனுப்புகிறார். வெளியே இருப்பவர்கள் அவருக்குச் சீனம் தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள். அவருக்கோ ஒரு எழுத்தும் புரியாது; இயந்திரமும் அப்படித்தான் என்பது வாதம். எத்தனை வருடம் இதைச் சொல்லியே வாதங்களில் ஜெயித்திருக்கிறேன்! இப்போது அதில் ஒரு கண்கட்டு தெரிகிறது. நாம் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

என்னை அசைத்தது 1974-இல் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மூளையின் பின்பகுதியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு இடப்பக்கப் பார்வை போய்விட்டது. அங்கே ஒளிப்புள்ளியைக் காட்டினால் ஒன்றும் தெரியவில்லை என்பார். சும்மா ஊகித்துக் கையை நீட்டச் சொன்னால், விரல் ஏறக்குறைய அந்த இடத்துக்கே போகும். சரியாகக் காட்டினார் என்று சொன்னபோது அவரே வியந்துபோனார். ஆக, அறிவதும், அறிகிறோம் என்ற உணர்வும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. இதுவரை நீ சொன்னது சரி.

ஆனால் அந்தக் கை, யாராவது கேட்டதால்தான் நீண்டது. இதை நீ தாண்டிப் போய்விடுகிறாய். நீ மெச்சும் இயந்திரமும் கேட்டால்தான் வாய் திறக்கிறது.

இன்னொன்று. ஐந்து வயதில் ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாய். ஒரு மண்ணும் புரிந்திருக்காது. ஒருநாள் என் தையல் பெட்டியைக் கவிழ்த்து, பொத்தான்களை ஏழேழாக மூன்று வரிசை அடுக்கி எண்ணிவிட்டு, "அம்மா, இது அதுதான்!" என்று கத்தினாய். பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். எண்ணி முடித்ததைப் புரிதல் என்றால், அந்தக் கத்தலை என்னவென்று சொல்வது? அதற்கும் புரிதலில் பங்கு உண்டா, இல்லை, வெறும் நுரையா? அது இல்லாமலே உனக்கு அன்றைக்குப் புரிந்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. குரலை உயர்த்தாமல் இருக்கப் பார்க்கிறேன்.

அம்மா