ஏரிப் படகுகளை ஏலம் விடாதீர்கள்: பழவேற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மாவட்ட நிர்வாகத்தினருக்கும், சுற்றுலா, வனம், மீன்வளம் ஆகிய துறைகளின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பழவேற்காடு ஏரியில் உல்லாசப் படகு விடுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டே வழிகள்தான் காதில் விழுகின்றன. ஒன்று, அடியோடு தடை. மற்றொன்று, டெண்டர் விட்டு ஒரு குத்தகைதாரர் கையில் ஒப்படைத்துவிடுவது. இரண்டும் வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாவது வழி ஒன்று இந்த ஏரியிலேயே நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் அந்த வழக்கத்தின் பெயர் பாடு.

முதலில் தடை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமையும்கூட. ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அந்த நாளை இங்கே யாரும் மறந்துவிடவில்லை. அதைத் தொடர்ந்து வந்த தடையை அநியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படியொரு சாவுக்குப் பிறகு எந்த அரசும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

ஆனால் தடை எதைத் தடுத்தது என்று பாருங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் வராமல் இருக்கவில்லை. பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள், டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், நண்டு சாப்பிடுகிறார்கள், பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "படகு கிடைக்குமா?" என்ற கேள்வி வந்தே தீரும். கிடைக்கவும் செய்கிறது, ஆனால் படகுத்துறையிலிருந்து அல்ல. சீமைக் கருவேல மரங்களுக்குப் பின்னால், யார் ஏறினார், எத்தனை பேர் ஏறினார் என்று எந்தக் கண்ணும் பார்க்காத இடத்திலிருந்து அந்தப் படகு கிளம்பும். அதில் லைஃப் ஜாக்கெட் இருக்காது. பணம் இல்லாததால் அல்ல. பளீரென்ற ஆரஞ்சு நிறம் அரை மைல் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். ஒளிந்து ஓடும் படகுக்கு முதல் எதிரி அந்த ஜாக்கெட்தான். உயிரைக் காக்கும் பொருளையே படகில் வைக்க முடியாதபடி செய்துவிட்டது தடை.

அடுத்து டெண்டர். ஏலம் எடுப்பவர் பெரும் தொகையை முன்கூட்டியே கட்டியிருப்பார். அதை எப்போது திரும்ப எடுப்பார்? ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாடைக்காற்றும். சித்திரை, வைகாசியில் வெயில். நடுவில் கிடைப்பது கிறிஸ்துமஸ், புத்தாண்டு, காணும் பொங்கல், தை மாசி ஞாயிற்றுக்கிழமைகள். கைவிரல்களுக்குள் அடங்கிவிடும் இந்த நாள்களில் அவர் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். படகோட்டிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. பன்னிரண்டு பேர் ஏற வேண்டிய படகில் பதின்மூன்றாவது ஆள் காலை வைக்கும்போது "இறங்குங்கள்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? முதலாளிக்கு நஷ்டம், ஓட்டுகிறவனுக்கு நஷ்டம், கரையில் காத்திருக்கும் சித்தப்பாவுக்கோ கோபம். எல்லோருடைய ஆசையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது படகு மட்டும் நேராக நிற்காது.

கேரளத்தைப் பார்த்து அரசே நடத்தட்டும் என்பவர்களும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைப் பலிகொண்டது அரசு சுற்றுலாக் கழகத்தின் படகுதான். கரையில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் நகர்ந்ததும் அது சாயக் காரணம் என்று அப்போது பேசப்பட்டது. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் இறந்தது தனியார் படகில். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய அதில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அரசா, தனியாரா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. கடைசியாக ஏற வரும் ஆளை மறுக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது என்பது ஒன்றுதான் என் கேள்வி.

இங்கேதான் பாடு வருகிறது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஏரியில் சுத்துவலை கட்டி இறால் பிடிக்க எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் உள்ள இடத்தில் வலை நிறையும். உள்ளே தள்ளிப் போனால் அன்றைய டீசல் காசுக்கே திண்டாட்டம். யார் முந்துகிறாரோ அவருக்கே நல்ல இடம் என்று விட்டிருந்தால் குப்பங்கள் எப்போதோ வெட்டிக்கொண்டு செத்திருக்கும். அதனால் தலைக்கட்டுகளின் பெயரை எழுதி, சீட்டுக் குலுக்கி, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்தார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். முறை தவறி இறங்கினால் ஊர்க்கூட்டத்தில் அபராதம். பாடு பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர் நிர்வாகக் கோப்புகளில்தான் அதற்கு இடமில்லை.

பாடு முறையைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. அது எல்லோருக்கும் திறந்த கதவாக இருந்ததில்லை. குறிப்பிட்ட சில குப்பங்களின் ஆண்களுக்கே அதில் பெயர் உண்டு. கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குச் சீட்டு விழுந்ததில்லை. பெண்கள் கரையில் கூடையோடு நின்றார்கள். உல்லாசப் படகுக்கு முறை வைக்கும்போது இந்தப் பழைய வேலியையும் சேர்த்து நட்டுவிடக் கூடாது. ஏரியை நம்பிப் பிழைக்கும் எந்தக் குடும்பமும் பெயர் கொடுக்கலாம், ஒரு குடும்பத்துக்கு ஒரு படகுக்கு மேல் கிடையாது என்று இருக்க வேண்டும். டிக்கெட் மேசையில் பெண்கள் உட்காரட்டும். காசு எண்ணுவதிலும் குடிகாரரைத் திருப்பி அனுப்புவதிலும் மீன் ஏலம் விட்ட அனுபவம் அவர்களுக்கு நிறையவே உண்டு.

நான் கேட்பது பெரிய துறைமுகம் அல்ல, கான்கிரீட் அலங்கார வளைவும் அல்ல. ஒரே ஒரு துறை, பலகை பாவிய சின்னப் பாலம், நிழலுக்கு ஓலைக் கொட்டகை, ஒரு மேசை. படகுகள் வரிசையில் நிற்கும். முறைப்படி முன்னால் நிற்கும் படகுதான் அடுத்துக் கிளம்பும், ஆள் பிடிக்க யாரும் பஸ் நிறுத்தத்துக்குப் போகக் கூடாது. கட்டணம் முழுவதும் மேசையில் பொதுப் பணமாகச் சேரும். ஓட்டுகிறவருக்கு நடைக்கு இவ்வளவு என்று நிலையான கூலி, ஏறியவர்கள் நான்கு பேரானாலும் பன்னிரண்டு பேரானாலும் அதே கூலி. நான் சொல்ல வந்ததன் உயிர்நாடி இதுதான். கூடுதலாக ஏறும் ஆளால் தனக்கு ஒரு காசும் வராது என்றால், படகோட்டியே முதல் ஆளாக "இடமில்லை" என்று சொல்லிவிடுவார். எத்தனை எச்சரிக்கைப் பலகைகள் வைத்தாலும் செய்ய முடியாததை ஒரு கூலி முறை செய்துவிடும்.

இதோடு ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் ஒரு சிவப்புக் கோடு. ஏற்றக்கூடிய முழு எடையில் நீர்மட்டம் எங்கே நிற்குமோ அங்கே, பொறியாளர் அளந்து போட்டுத் தரட்டும். கோடு தண்ணீருக்குள் போனால் படகு நகரக் கூடாது. இது புதிய யோசனை ஒன்றும் அல்ல, கப்பல்களுக்கு 1876-லேயே பிரிட்டனில் இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். கோட்டைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா "டேய், கோடு முழுகுதடா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். இருநூறு பேர் முன்னால் கேட்ட குரலை எந்தப் படகோட்டியும் கேட்காதது போல் போய்விட முடியாது.

ஜாக்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிட்டால் அது தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மிதக்கும் ஏற்பாடு. குழந்தை கீழே நழுவிவிடும், ஜாக்கெட் தலைக்கு மேலே எழும்பும். கால்களுக்கு இடையே வார் போட்டு இறுக்கும் சிறிய அளவுகள் தனியாக வேண்டும். வெயிலில் கிடந்து துணி நைந்தவற்றை வருடாவருடம் மாற்ற வேண்டும். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதானே, நின்றாலே தலை வெளியே இருக்குமே என்று சிலர் சிரிப்பார்கள். சேற்றில் கால் புதைந்தவருக்கும், கவிழ்ந்த படகின் அடியில் சிக்கியவருக்கும் ஒரு மீட்டர் தாராளம். வற்றுநீர் வெளியே பாய்ந்து கடல் அலையோடு மோதும் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும். அந்தப் பக்கம் உல்லாசப் படகு எந்த நாளிலும் போகக் கூடாது. கூடுதல் பணம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி.

பறவைகளைப் பற்றி வனத்துறை கவலைப்படுவது நியாயம். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, சேற்று நீரை அலகால் சலித்து மணிக்கணக்காக இரை தேடும். எஞ்சின் சத்தத்தோடு ஒரு படகு நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழும்பும். நமக்கு அது அழகான படம், அவற்றுக்கோ தின்றதெல்லாம் வீண். ஆகவே கூட்டம் கண்ணில் பட்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்ற வேண்டும். ஆழமில்லாத இந்த ஏரியில் எங்கள் அப்பாக்கள் அப்படித்தான் போனார்கள், கழி ஊன்றத் தெரியாதவருக்குப் படகே கொடுக்கக் கூடாது. படகின் அடியில் தேங்கும் டீசல் கலந்த நீரை ஏரியில் இறைக்காமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் இறாலை நம்பி வாழ்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதி வைப்போம்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அக்கரைக் குப்பங்களில் எங்களுக்குச் சொந்தங்கள் உண்டு; வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்கிறவர்கள். பூநாரைத் திருவிழாவின்போது தடா பக்கம் பீமுனிவாரிபாளையத்தில் படகுச் சவாரி நடக்கிறது. எல்லையைத் தண்ணீரில் கோடு போட்டுக் காட்ட முடியாததால் மீன்பிடியில் ஏற்கெனவே அவ்வப்போது சச்சரவு. உல்லாசப் படகு அந்தச் சண்டைக்கு இன்னொரு காரணமாகிவிடக் கூடாது. எங்கள் படகுகள் எதுவரை போகலாம், அவர்கள் படகுகள் எதுவரை வரலாம் என்பதை இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் ஒரே படகில் போய் மிதவை நட்டுக் குறித்துவிட்டால் நல்லது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் எங்களைப் போகாதே என்று சொல்லும்போது ஒழுங்காகக் கரையில் நிற்கிறவர்கள்தானே நாங்கள், எல்லைக்கும் கட்டுப்படுவோம்.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றி 2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சின் பொருத்திய படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வு, காப்பீடு ஆகியவற்றைக் கேட்கிறது. எங்களுக்கு அதில் மறுப்பில்லை. சிக்கல் எங்கே என்றால், ஒற்றைப் படகுக்காரர் ஒவ்வொரு தாளுக்கும் பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் அலைந்தால் ஒரு வார வருமானம் பஸ் கட்டணத்திலும் ஜெராக்ஸிலும் கரைந்துவிடும். துறைக்கே வந்து ஒரே நாளில் எல்லாப் படகுகளையும் பார்த்து எழுதிக்கொடுங்கள். காப்பீட்டைப் பொதுப் பணத்திலிருந்து மொத்தமாகக் கட்டிவிடுகிறோம்.

ஊரார் நடத்தினால் சண்டை வருமே என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். வரும். இப்போதும் வருகிறது. கயிறு யாருடையது, யார் படகு யார் படகை இடித்தது, நேற்றைய கணக்கில் நூறு ரூபாய் எங்கே போனது என்று தினமும் வரும். ஆனாலும் நடு ஏரியில் ஒருவன் எஞ்சின் நின்றுபோய்க் கையசைத்தால், காலையில் அவனோடு சண்டை போட்டவன்தான் முதலில் கயிறு வீசுவான், டீசல் காசும் கேட்க மாட்டான். குத்தகைதாரரின் சம்பளப் பட்டியலில் அந்த வேலைக்குத் தலைப்பே கிடையாது.

இந்தக் குளிர்காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தை மாவட்டத் தலைநகரின் குளிர்சாதன அறையில் வைக்காதீர்கள், அங்கே வரும் எங்கள் ஆட்கள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு காலையில் துறைக்கு வாருங்கள். அளவு நாடாவோடு ஒரு பொறியாளரையும், தெலுங்கு பேசும் ஓர் அலுவலரையும் அழைத்து வாருங்கள். சிவப்புப் பெயின்ட் எங்கள் செலவு.