விடைக்குறிப்பு தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வில் செல் சவ்வு பற்றிக் கேட்ட ஐந்து மதிப்பெண் வினா உங்களுக்கு நினைவிருக்கும். என் மாணவி ஒருத்திக்கு அதில் இரண்டுதான் கிடைத்தது. ஏற்பிகள், அதாவது வெளியிலிருந்து வரும் பொருளைப் பிடிக்கும் சவ்வுப் புரதங்கள், சவ்வு முழுக்கச் சும்மா மிதந்து திரிவதில்லை, கிளாத்ரின் என்ற புரதம் பூசிய சவ்வுக் குழிகளில் கூடித்தான் உள்ளே போகின்றன என்று படம் வரைந்து எழுதியிருந்தாள். படத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. திருத்தியவரைக் கேட்டேன். "கீயில இல்லையே சார்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

சவ்வில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்னும் மொசைக் மாதிரியைச் சிங்கரும் நிக்கல்சனும் சொன்னது 1972-இல். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளைப் பிடிக்கும் ஏற்பிகளில் பாதிக்கு மேல் அந்தக் குழிகளில் குவிந்திருப்பதைக் காட்டிவிட்டார்கள். குழிகளோ செல் பரப்பில் சுமார் 2 சதவீதம்தான். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் வந்துவிட்டது. கீக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை.

பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாளி ஒருவருக்கு ஏற்பி இருந்தது. எல்டிஎல்லைப் பிடிக்கவும் செய்தது. ஆனால் குழியில் வந்து கூடவில்லை. செல்லுக்குள் நீளும் அதன் வாலில் 807-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய டைரோசின் என்ற அமினோ அமிலம், சிஸ்டீன் என்ற இன்னொன்றாக மாறியிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. சவ்வில் எது எங்கே கூடுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை என்று வகுப்பில் இதை வைத்துத்தான் சொன்னேன். செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப் என்ற புரதத்தின் ஏற்பி, உள்ளே போன பிறகும் எண்டோசோம் என்ற சிறு பையில் இருந்தபடியே சமிக்ஞை அனுப்புவதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். தப்பு என்னுடையதுதான் போல.

கைடில் அடிக்கோடிட்ட நான்கு வரியை ஒப்பித்தவனுக்கு முழு மதிப்பெண். பேசாமல் கைடையே தேர்வெழுத அனுப்பிவிடலாம், பிள்ளைகளாவது தூங்குவார்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். "பொருத்தமான வேறு சரியான விளக்கத்துக்கும் மதிப்பெண் வழங்கலாம்" என்று கீயில் ஒரு வரி சேருங்கள். பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்த ஒரு வரி போதும்.

"முழுப் பரீட்சைக்குப் புக்கில் இருப்பதை மட்டும் எழுதட்டுமா சார்?" என்று போன வாரம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்று இரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தேர்வுக்கு முன் அந்த வரியைச் சேர்த்தால், என் பதிலை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்